இங்கே ஒரு கையெழுத்து, ஸார்!

ஆஸ்பத்திரி ஃபாரங்களில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கணவர், தகப்பனார், மாமனார் என்று எதையாவது எழுதி நிரப்பிவிட்டு நகர்ந்துவிடுவோம். போன வருஷம் ஒரு ராத்திரி அந்தக் கட்டத்துக்கு எதிரே பேனாவும் கையுமாக நான் திருதிருவென்று முழித்தேன். உள்ளே படுத்திருந்தவன் ஒடிசாவிலிருந்து வந்த பத்தொன்பது வயசுப் பையன். வேலைக்குச் சேர்ந்து பதினாலு நாள். அவனுக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு, காலையில் அவன் பயோமெட்ரிக் மெஷினில் வலது கை ஆள்காட்டி விரலை வைப்பான், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அந்த விரலைத்தான் பவர் பிரஸ் எடுத்துக்கொண்டுவிட்டது.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவன். வீடு வள்ளூரில். காலையில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி முகத்தில் விழித்து, அத்திப்பட்டு புதுநகரில் ரயிலேறி, சாயங்காலம் அதே புகைபோக்கியைப் பார்த்து வீடு வந்துவிட்டோம் என்று சந்தோஷப்படுகிற ஜாதி. அன்றைக்கு இரண்டாவது ஷிஃப்ட்டில் ஆள் குறைச்சல் என்று என்னையும் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஒன்பதரை மணிக்குக் கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தால், கையைப் பனியனால் சுற்றிக்கொண்டு பையன் தரையில். இரண்டு விரல். ஒன்று தொங்குகிறது, இன்னொன்று தனியாக. யாரோ ஒரு புண்ணியவான் அதை எடுத்து கேன்டீன் டம்ளரில் ஐஸ் கட்டிக்கு நடுவே போட்டுக்கொண்டு வந்தான். நானும் அதைத்தான் சரி என்று நினைத்தேன். தப்பாம்! சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயைக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸில் வைக்க வேண்டுமாம். விரல் நேராக ஐஸில் பட்டால் சதை கெட்டுப்போகும். இதை நான் தெரிந்துகொண்டபோது மணி பத்தேகால்.

வேனில் போட்டுக்கொண்டு ஹைவேயில் முதலில் கண்ணில் பட்ட தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரிசப்ஷனில் ஒரு பெண். என் சட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஸார், இது போலீஸ் கேஸ். ஸ்டேஷன்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

"பிரஸ் மெஷின் மேலயாம்மா கம்ப்ளெயின்ட் குடுக்கச் சொல்றே?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான். பிறகு அட்வான்ஸ் பத்தாயிரம் என்றாள். பிறகு ஒரு ஃபாரத்தை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்து, ஸார்" என்றாள். முழுக்க இங்கிலீஷ். என்ன ஆனாலும் ஆஸ்பத்திரி பொறுப்பல்ல என்பது மட்டும் புரிந்தது. உறவுமுறைக் கட்டத்தில் 'அண்ணன்' என்று எழுதிவிட்டு, கையெழுத்தையும் போட்டேன்.

அதற்குள் செல்போன். காண்டிராக்டரின் சூப்பர்வைஸர்.

"அண்ணே, டாக்டர் கேட்டா ரூம்ல வழுக்கி விழுந்தான்னு சொல்லிடுங்க. செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம். உங்களுக்கும் நல்லது."

உங்களுக்கும் நல்லது என்று அவன் சொன்னது சும்மா இல்லை. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பத்து நாளுக்குள் ஈ.எஸ்.ஐ.யில் பதிவு பண்ணியாக வேண்டும். காண்டிராக்டர் பேர் லிஸ்ட்டை அனுப்பிவிட்டான். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியவன் நான். லிஸ்ட் என் மேஜை டிராயரில் டிபன் பாக்ஸுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தது. ஃபாக்டரி விபத்து என்று எழுதினால் முதலில் தேடுவது பையனின் ஈ.எஸ்.ஐ. நம்பரை. ரூமில் வழுக்கி விழுந்தான் என்றால் யாரும் எதையும் தேட மாட்டார்கள்.

நான் என்ன சொல்வதென்று முடிவு பண்ணுவதற்குள் டியூட்டி டாக்டர் வந்துவிட்டார். இருபத்தாறு, இருபத்தேழு வயசுப் பெண். ரிசப்ஷன் பெண்ணைப் பார்த்து, "போலீஸுக்கு இன்டிமேஷன் நாமதான் அனுப்பணும். அவங்க வாங்கிட்டு வர வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்தார். கட்டுப் போட ஏற்பாடு பண்ணிக்கொண்டே ஒரு பெரிய நோட்டைப் பிரித்தார். அதுதான் ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர். ஏ.ஆர். என்பார்கள்.

"எப்படி ஆச்சு?"

"மேடம்... ரூம்ல..."

"உங்களைக் கேக்கலை. பேஷன்ட்டைக் கேக்கறேன்."

அரைகுறை ஹிந்தியில் கேட்டார். பையன் சொன்னது எனக்கே புரிந்தது. பிரஸ் மெஷின், ஃபாக்டரி. அதை அப்படியே எழுதினார். எத்தனை மணிக்கு அடிபட்டது, எத்தனை மணிக்கு வந்தான், யார் கூட்டி வந்தது, எந்த விரல், எவ்வளவு நீளம், எல்லாம். பிறகு என் ஃபாரத்தைப் பார்த்தார்.

"நீங்க இவருக்கு அண்ணனா?"

"கம்பெனி அண்ணன், மேடம்."

"பேஷன்ட் மேஜர். முழிச்சிட்டிருக்கார். என்ன செய்யப்போறோம்னு அவருக்குச் சொல்லியாச்சு. அவர்தான் போடணும்." என் அண்ணன் பதவியைக் குறுக்கே அடித்துவிட்டு, பையனின் இடது கட்டை விரல் ரேகையை வாங்கி, "நீங்க சாட்சியா போடுங்க" என்றார். போட்டேன். அட்வான்ஸ் பேச்சு அதன் பிறகு எழவில்லை. ஊசி, கட்டு, ஒரு லெட்டர், 108. நேரே ஸ்டான்லி. கையில் அடிபட்டவர்களுக்கு ஸ்டான்லி ஒரு க்ஷேத்திரம். 1971ல் டாக்டர் ஆர். வெங்கடசுவாமி தொடங்கிய கை அறுவை சிகிச்சைப் பிரிவு அங்கே இருக்கிறது. பிரஸ் ஷாப்காரர்கள் அம்பத்தூரிலிருந்தும் மணலியிலிருந்தும் விரலைக் கவரில் போட்டுக்கொண்டு அங்கேதான் ஓடுவார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஆறு இருபது லோக்கலில் வக்கீல் ஸாரைப் பார்த்தேன். பொன்னேரி கோர்ட்டில் பிராக்டீஸ், திருவள்ளூர் கன்ஸ்யூமர் கமிஷனுக்கும் போவார். எப்போதும் மடியில் ஒரு கட்டு. விசாரித்தால், சில வருஷமாக அவருக்கு முக்கால்வாசி வருமானம் ஆஸ்பத்திரிகளிடமிருந்துதானாம். மூன்று ஆஸ்பத்திரிக்கு லீகல் அட்வைஸர். நான் கொதித்துப் போய் ராத்திரிக் கதையைச் சொன்னேன். ஆஸ்பத்திரிப் பேரைக் கேட்டதும் மனுஷன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அதுவும் என்னோடதுதான் தம்பி! ரிசப்ஷன்ல போலீஸுக்குப் போயிட்டு வான்னா சொன்னாங்க? போன மாசம்தானே கிளாஸ் எடுத்தேன்!"

ஆஸ்பத்திரி வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டோடு போய், செத்தவர் மேல் தப்பு என்று வாதாடுகிறவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கோர்ட்டுக்குப் போகிற நாளைவிட, நர்ஸுகளுக்கு 'டைம் போட்டு எழுதும்மா' என்று சொல்லிக்கொடுக்கிற நாள்தான் அதிகம் என்றார். கவரைப்பேட்டையில் ஆரம்பித்தார், மீஞ்சூர் தாண்டியும் நிறுத்தவில்லை.

போலீஸ் கேஸ் சமாசாரத்துக்கு வேர் டில்லியில் இருக்கிறது. ஸ்கூட்டரில் போன ஒருவரை கார் அடித்துப் போட்டுவிட்டது. ஒருவர் தூக்கிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இங்கே இந்த மாதிரி கேஸ் எடுப்பதில்லை, இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போ என்றார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. பேப்பரில் வந்த அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு பர்மானந்த் கட்டாரா என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1989 ஆகஸ்ட் 28ந் தேதி தீர்ப்பு: அரசு டாக்டரோ, தனியார் டாக்டரோ, முதலில் உயிரைக் காப்பாற்று, போலீஸ் சடங்கெல்லாம் பிறகு. நான் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தபோது வந்த தீர்ப்பு. ஹைவே ரிசப்ஷனுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

"சரி ஸார், அந்த ஃபாரம்? ஆஸ்பத்திரி பொறுப்பல்லன்னு நான் கையெழுத்து போட்டுட்டேனே?"

வக்கீல் சிரித்தார். "அதை எழுதிக் குடுத்தது நானில்லை, எந்தக் காலத்து ஃபாரமோ. மாத்துங்கன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன். டாக்டர் அஜாக்கிரதையா இருந்தா அந்தக் கையெழுத்து அவரைக் காப்பாத்தாது. பஸ்ல 'உங்க உடைமைகளுக்கு நீங்களே பொறுப்பு'ன்னு எழுதியிருக்கே, அதுக்காக கண்டக்டர் உங்க பையை எடுத்துக்கலாமா?"

இன்னொன்றும் சொன்னார். கையெழுத்து என்பது சம்மதம். எதற்குச் சம்மதமோ அதற்கு மட்டும். டில்லியில் ஒரு பெண்மணிக்கு, வயிற்றுக்குள் கருவி விட்டு என்னவென்று பார்ப்பதற்காக மயக்க மருந்து கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டுக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. பெண் வயதுக்கு வந்தவள், மயக்கம் தெளிந்ததும் அவளையே கேட்டிருக்க வேண்டும், அம்மா சம்மதம் செல்லாது என்று 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அந்த டியூட்டி டாக்டர் என் அண்ணன் பதவியை ஏன் அடித்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

டாக்டர்களை கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு இழுக்க முடியுமா என்பதில் நம் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. நோயாளி கன்ஸ்யூமரே இல்லை என்று 1994ல் தீர்ப்பு வந்தது. இந்தியன் மெடிக்கல் அஸோஸியேஷன் வழக்கில் 1995 நவம்பர் 13ந் தேதி சுப்ரீம் கோர்ட் அதை மாற்றிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு பார்க்கிற வைத்தியம் சேவைதான், குறை இருந்தால் நஷ்ட ஈடு கேட்கலாம். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரி வக்கீல் என்கிற இனமே பெருக ஆரம்பித்தது என்றார் வக்கீல் ஸார், கொஞ்சம் நன்றியோடு.

"வக்கீல் சரியா வாதாடலைன்னா உங்க மேலயும் கன்ஸ்யூமர் கேஸ் போடலாமா ஸார்?" என்று சும்மா கேட்டேன்.

ஜன்னல் பக்கம் திரும்பி, அனுப்பம்பட்டு வயலை ரசிக்க ஆரம்பித்துவிட்டார். பிறகு நானே தேடிப் படித்தேன். 2024 மே 14ந் தேதி, வக்கீல் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. டாக்டர்கள் விஷயத்தையும் மறுபடி யோசிக்கலாமே என்று அந்த பெஞ்ச் சேர்த்துச் சொல்லப்போக, டாக்டர்கள் கொஞ்ச நாள் ஆசையாக இருந்தார்கள். தேவையில்லை என்று அதே வருஷம் நவம்பரில் மூன்று நீதிபதிகள் முடித்துவிட்டார்கள். ஆக, டாக்டரின் தவறுக்கு கமிஷனுக்குப் போகலாம், அந்த டாக்டரைக் காப்பாற்றத் தவறிய வக்கீல் மேல் டாக்டர் போக முடியாது! எழுதியது யார் என்று கேட்காதீர்கள், எல்லாரும் சட்டம் படித்தவர்கள்.

அரசு ஆஸ்பத்திரி என்றால் கேட்பாரில்லை என்று நினைப்போம். எழும்பூர் பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரி வழக்கை வக்கீல் ஸார் சொன்னபோது பக்கத்து சீட்டில் சமோசா தின்றுகொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டுக் கேட்டார். 1996 ஆகஸ்ட் கடைசியில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை. ஒன்றேகால் கிலோ எடை. மூன்று வாரத்துக்கு மேல் இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றி, செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படிப் பிறக்கிற குழந்தைகளுக்கு விழித்திரையில் ஒரு கோளாறு வரலாம், பிறந்த சில வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதித்தால் பிடித்துவிடலாம். பரிசோதிக்கவில்லை. அப்பா கண்டுபிடித்தபோது பார்வை போய்விட்டிருந்தது. டில்லி தேசிய கமிஷன் 2009ல் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. அப்பா விடவில்லை. 2015 ஜூலை 1ந் தேதி சுப்ரீம் கோர்ட், எதிர்காலச் செலவுக்கு 1 கோடியே 38 லட்சம், அதுவரை ஆன செலவுக்கு 42 லட்சத்துச் சொச்சம் என்று போட்டது. பெரும்பகுதி தமிழ்நாடு அரசு தலையில்.

"அதுல முக்கியமா எதைப் பாத்தாங்க தெரியுமா தம்பி? டிஸ்சார்ஜ் சம்மரி. கண் கெடலாம், போய்க் காட்டுங்கன்னு ஒரு எச்சரிக்கை அதுல இல்லை. ஒரு வரி!"

பத்தொன்பது வருஷம், ஒரு வரிக்காக. குழந்தை அதற்குள் காலேஜ் போகிற வயசு. எனக்கு அந்தக் கணக்கு அன்று ராத்திரி முழுக்க வந்து வந்து போயிற்று.

அந்த ஒரு வரி டாக்டரையும்தான் காப்பாற்றும். டாக்டர் மேல் கிரிமினல் கேஸ் என்றால் இன்னொரு டாக்டரின் நடுநிலையான கருத்து வாங்கிய பிறகே மேலே போக வேண்டும், சாதாரணமாக எடுத்தவுடன் கைது பண்ணக்கூடாது என்று 2005ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்த இன்னொரு டாக்டர் எதைப் பார்ப்பார்? கேஸ் ஷீட்டைத்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு நர்ஸ் எழுதியதை. டாக்டரை அடிப்பதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008லேயே தனிச் சட்டம் வந்தாயிற்று. ஆனாலும் 2024 நவம்பரில் கிண்டி ஆஸ்பத்திரியில் ஒரு புற்றுநோய் டாக்டரை நோயாளியின் மகனே கத்தியால் குத்தினான். நவம்பர் 13. கன்ஸ்யூமர் தீர்ப்பு வந்த அதே தேதி. தற்செயல்தான்.

நமக்கு வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். உள்நோயாளியாக இருந்த ரெக்கார்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் காப்பி தர வேண்டும் என்று 2002ன் மெடிக்கல் கவுன்சில் விதி சொல்கிறது. எழுதிக் கேளுங்கள், ஒரு நகலில் சீல் வாங்குங்கள். திருவள்ளூர் கமிஷனுக்குப் போவதானால் ரெண்டு வருஷத்துக்குள். ஆஸ்பத்திரிக்கு நீங்கள் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் ஃபீஸ் கிடையாது. நீங்கள் இருக்கிற ஊரிலோ வேலை பார்க்கிற ஊரிலோ போடலாம், ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம்.

எங்கள் சிப்காட் ஜனத்துக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. ஈ.எஸ்.ஐ. வைத்தியம் ஓசிதானே, அதில் என்ன கேள்வி கேட்பது? ஓசியே இல்லை. 2019 ஜூலையிலிருந்து சம்பளத்தில் முக்கால் சதவீதம் நீங்கள் கட்டுகிறீர்கள், மூன்றேகால் சதவீதம் கம்பெனி கட்டுகிறது. ஹரியானா சோனிபட்டில் ஒரு தொழிலாளி, மனைவிக்கு ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் பார்த்த வைத்தியம் சரியில்லை என்று வழக்குப் போட்டு சுப்ரீம் கோர்ட் வரை போனார். கட்டிக் கொடுத்துப் பெறுகிற வைத்தியம், ஆகவே தொழிலாளி கன்ஸ்யூமர்தான் என்று 2007ல் தீர்ப்பு. வக்கீல் ஸார் இதைச் சொல்லும்போது அத்திப்பட்டு புதுநகர் வந்துவிட்டது. இறங்கி ஓடினேன்.

இனி டிராயர் கதை. அன்று ராத்திரி ஸ்டான்லியிலிருந்து திரும்பும்போது ஏ.ஆர். காப்பி என் சட்டைப் பையில் இருந்தது. அதில் பிரஸ் மெஷின் என்று எழுதியாகிவிட்டது, இனிமேல் ரூமும் இல்லை, வழுக்கலும் இல்லை. என் தைரியத்தால் நடந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அந்த மேடம் என்னைப் பேசவிட்டிருந்தால் நான் எதைச் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை. காலையில் எட்டு மணிக்கு மேனேஜர் ரூமுக்குப் போய், லிஸ்ட்டையும் ஏ.ஆர். காப்பியையும் மேஜையில் வைத்தேன். அவர் லிஸ்ட்டின் தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு விபத்து ரிப்போர்ட்டை அனுப்பச் சொன்னார்.

வேலை இடத்துக் காயத்துக்கு ஈ.எஸ்.ஐ.யில் இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்கிற கணக்கே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. விசாரணை வந்தது. எங்களை வறுத்தெடுத்தார்கள், ஆனால் பையனுக்கு வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைத்தது. தொங்கிய விரலை ஸ்டான்லியில் காப்பாற்றிவிட்டார்கள். டம்ளர் விரல் போனது போனதுதான்.

மூன்று மாசம் கழித்து வந்தான். பிரஸ் வேண்டாம், பேக்கிங்கில் போடுங்கள் என்று நானே கேட்டு வாங்கினேன். பயோமெட்ரிக்கில் பழைய விரல் இல்லாததால் மெஷின் அவனை யாரென்றே தெரியாது என்றது. இடது கை விரலைப் புதிதாகப் பதிவு பண்ணினேன். பதிவு முடிந்ததும் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினான். ஏ.ஆர். ஜெராக்ஸ், ஸ்டான்லி டிஸ்சார்ஜ் சம்மரி, ஈ.எஸ்.ஐ. சீட்டு எல்லாம் தேதி வாரியாக. என் வீட்டில் ரேஷன் கார்டுகூட இவ்வளவு ஒழுங்காக இல்லை.

அன்று மத்தியானம் எனக்கும் ஒரு பேப்பர் வந்தது. ஈ.எஸ்.ஐ. பதிவில் தாமதம் செய்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று மெமோ. பியூன் நோட்டை நீட்டினான்.

"இங்கே ஒரு கையெழுத்து, ஸார்."

நேரத்தையும் எழுதி, போட்டுக் கொடுத்தேன்.